ஹெலிகோப்ரியன் என்னும் சுருள்பல் மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன இந்த மீனின் முழு உடம்பை யாரும் பார்த்ததில்லை. கிடைத்தவை பெரும்பாலும் கல்லாகிப்போன பற்கள் மட்டுமே. அதனால் இங்கே ஒவ்வொரு பதிலிலும் கல்லில் நேரடியாகத் தெரிவது எது, உறவினங்களைப் பார்த்து ஊகித்தது எது என்று பிரித்தே சொல்லியிருக்கிறோம்.

ஹெலிகோப்ரியன் சுறாவா?

இல்லை, ஆனால் சுறாவைப் போலவே குருத்தெலும்பு மீன். பழைய புத்தகங்களிலும் பல இணையப் பக்கங்களிலும் “சுருள்பல் சுறா” என்றே எழுதியிருப்பார்கள். 2013இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு அது சரியில்லை. சுறாவும் திருக்கையும் ஒரு கிளை. ஆழ்கடலில் இன்றும் வாழும் கைமீரா மீன்கள் இன்னொரு கிளை. ஹெலிகோப்ரியன் இந்த இரண்டாவது கிளையின் அடிப்பகுதியில் இருந்து பிரிந்த யூஜீனியோடான்ட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. கைமீராக்கள் அரபிக்கடலின் ஆழத்திலும் உண்டு. கேரளத்தின் ஆழ்கடல் இறால் வலைகளில் நீண்ட மூக்குள்ள வகை ஒன்று சிக்குவதுண்டு. அதுதான் ஹெலிகோப்ரியனுக்கு இன்று மிச்சமிருக்கும் சொந்தம். நேரடி வாரிசு அல்ல, தூரத்துச் சொந்தம்.

எந்தக் காலத்தில் வாழ்ந்தது? டைனோசர்களோடா?

பெர்மியன் காலத்தின் முற்பகுதியிலும் நடுப்பகுதித் தொடக்கத்திலும். அதாவது ஏறக்குறைய 29 கோடி முதல் 27 கோடி ஆண்டுகளுக்கு முன். முதல் டைனோசர் தோன்ற இன்னும் சில கோடி ஆண்டுகள் இருந்தன. டைனோசரோடு இதைச் சேர்த்து வரைந்த படம் கண்ணில் பட்டால் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

பற்சுழல் என்பது எப்படி இருக்கும்?

தட்டையான ஒரு சுருள். வெளி விளிம்பு முழுக்க முக்கோணப் பற்கள், கூர்முனை எல்லாம் வெளிப்பக்கம் பார்த்தபடி. ஒவ்வொரு பல்லும் பக்கவாட்டில் நசுங்கியதுபோல மெல்லியது. அதன் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நுண்ணிய ரம்ப வெட்டுகள். பல்லின் மேல்பகுதியில் எனாமல் போன்ற பளபளப்பான உறை, உள்ளே டென்டின். அடிப்பகுதியில் பற்கள் தனித்தனியாக நிற்பதில்லை. எல்லா வேர்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தொடர் பட்டையாகச் சுருளின் உள்பக்கம் ஓடும். பல் உடைந்து போன புதைபடிவத்திலும் இந்தப் பட்டை தப்பியிருக்கும். அதை வைத்தே அடையாளம் காணலாம்.

மையத்துக்குப் போகப்போகப் பற்கள் சிறுத்துக்கொண்டே போகும். மையத்தில் இருப்பவை சில மில்லிமீட்டர்தான். வெளிச்சுற்றில் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்திருக்கும். நன்றாக வளர்ந்த மீனில் மூன்று சுற்றுக்கு மேல் இருக்கும், பற்களின் எண்ணிக்கை 130ஐத் தாண்டியும் போகும்.

பல் ஏன் சுருண்டது? சுறாவுக்குப் போல விழுந்துவிடாதா?

சுறாவின் தாடையில் பின்னாலிருந்து புதுப்பல் முன்னே நகர்ந்து வரும், பழையது உதிரும். ஹெலிகோப்ரியனில் முதல் பாதி அதேதான்: தாடையின் பின்பகுதியில் புதுப்பல் உருவாகி, முன்னிருந்த பற்களை முன்னோக்கித் தள்ளும். இரண்டாவது பாதியில்தான் கதை மாறுகிறது. வேர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதால் பழைய பல் உதிர வழியில்லை. அது தாடையின் முன்முனையைத் தாண்டிக் கீழே வளைந்து, குருத்தெலும்புக்குள் இருக்கும் பையில் போய்ச் சேரும். அடுத்தடுத்து வரும் பற்கள் முந்தையதைவிடச் சற்றே பெரியவை. ஒரே அளவுப் பற்களாக இருந்தால் வட்டம்தான் வரும். அளவு சீராகக் கூடுவதால் சுருள் வருகிறது.

இதனால் ஒரு லாபம் நமக்கு உண்டு. மையத்தில் இருப்பவை அந்த மீன் குஞ்சாக இருந்தபோது முளைத்தவை. வெளிமுனையில் இருப்பது அது சாவதற்குச் சற்று முன் முளைத்தது. ஒரே மீனின் வாழ்நாள் முழுவதுக்குமான பற்கள் வரிசை கலையாமல் கையில் இருக்கின்றன. உதிர்ந்த பற்களாகக் கிடைக்கும் சுறாப் படிவங்களில் இந்த வசதி கிடையாது.

சுருள் உடம்பில் எங்கே இருந்தது? நூறு ஆண்டுகளுக்கு மேல் ஏன் குழப்பம்?

கீழ்த்தாடையின் நட்டநடுவில். வலம் இடம் என்று இரண்டு வரிசையெல்லாம் இல்லை, நடுக்கோட்டில் ஒரே ஒரு சுருள்.

குழப்பத்துக்குக் காரணம் எளியது. குருத்தெலும்பு அழுகிவிடும், பல் மிஞ்சும். தாடையோடு சேர்ந்து கிடைக்காத சுருளை எந்த உறுப்பில் பொருத்துவது என்பதற்குக் கல்லில் குறிப்பே இல்லை. 1886இல் ஹென்றி உட்வார்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் காஸ்கோய்ன் ஆற்றுப் பகுதியில் கிடைத்த ஒரு வளைந்த துண்டை விவரித்தபோது, அது துடுப்பின் முள் என்று நினைத்தார். முழுச் சுருள் அவர் கையில் இல்லை. 1899இல் ரஷ்யப் புவியியலாளர் அலெக்சாண்டர் கார்பின்ஸ்கி யூரல் மலைப்பகுதியின் கிராஸ்னூஃபிம்ஸ்க் அருகே கிடைத்த முழுச் சுருள்களை வைத்து ஹெலிகோப்ரியன் என்ற பேரினத்தை உருவாக்கினார். அவர் வரைந்த மீனில் மேல்தாடை யானைத் துதிக்கைபோல் நீண்டு, முகத்துக்கு மேலே சுருண்டு நின்றது. பின்னால் வந்தவர்கள் அதை வால்நுனிக்கும் முதுகுத் துடுப்புக்கும் தொண்டைக்கும் மாற்றி மாற்றி வைத்தார்கள். 2008இல்கூட ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக வரையப்பட்ட மீட்டுருவாக்கம் ஒன்று சுருளைத் தொண்டைக்குள் ஆழத்தில் வைத்தது. அதற்குச் சொன்ன காரணமும் அசட்டையானதல்ல: பற்களில் தேய்மானம் குறைவாக இருக்கிறதே, கடிக்கிற இடத்தில் இருந்தால் தேயாதா என்பது கேள்வி. தேயாததற்கு வேறு விளக்கம் இருந்தது. உணவு பற்றிய கேள்வியில் அது வருகிறது.

ஐடஹோ 4 என்று எல்லோரும் சொல்லும் மாதிரி எது? அதில் என்ன சிறப்பு?

1950இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கிடைத்த ஒரு கல். சுருளின் விட்டம் 23 சென்டிமீட்டர், பற்கள் 117. அளவில் இது பெரியது ஒன்றும் இல்லை. ஆனால் சுருளைச் சுற்றிக் குருத்தெலும்புத் தாடை அப்படியே கல்லாகியிருந்தது. 1966இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்வென்ட் எரிக் பென்டிக்ஸ் ஆல்ம்கிரேன் இதை விவரித்து, சுருள் கீழ்த்தாடையின் நடுவில் இருந்தது என்று எழுதினார். ஆனால் கல்லின் மேற்பரப்பில் தெரிந்த நசுங்கிய துண்டுகள்தான் அவருக்குச் சான்று. எது மேல்தாடை, எது கீழ்த்தாடை என்று உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. உளியால் குடைந்தால் இருப்பதும் போய்விடும்.

ஐடஹோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லீஃப் டபனிலா, ஜெசி புரூயிட் குழுவினர் இந்தக் கல்லை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் உயர்திறன் சி.டி. ஸ்கேனரில் வைத்தார்கள். மருத்துவமனை ஸ்கேனரின் எக்ஸ்-கதிர் மனித உடம்பைக் கடக்கும். கெட்டியான பாஸ்பேட் கல்லைக் கடக்க அது போதாது, தொழிற்சாலை வகைக் கதிர்மூலம் வேண்டும். கல், பல், கல்லான குருத்தெலும்பு மூன்றுக்கும் அடர்த்தி சற்றே வேறுபடும். அந்த வேறுபாட்டை வைத்துத் துண்டு துண்டான படங்களில் ஒவ்வொரு பாகத்தையும் தனி நிறமிட்டுப் பிரித்து, கணினியில் அடுக்கி முப்பரிமாணமாக்கினார்கள். முடிவுகள் 2013இல் வந்தன. அவற்றில் முக்கியமானவை இவை.

சுருள் கீழ்த்தாடையின் முன்முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. தாடையின் முழு நீளத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. மூட்டு வரைக்கும் சுருள்தான். பக்கவாட்டில் கூடுதலாகக் குருத்தெலும்புத் துண்டுகள் இருந்து, சுருள் இடமும் வலமும் ஆடாமல் அணைத்துப் பிடித்தன. மேல்தாடை மண்டையோட்டோடு இரண்டு இடங்களில் மூட்டாக இணைந்திருந்தது. சுறாவில் தாடையைத் தாங்கும் நாவடிக் குருத்தெலும்புக்கு இங்கே அந்த வேலை இல்லை. இந்தக் கடைசி விவரம்தான் மீனைச் சுறாக் கிளையிலிருந்து எடுத்துக் கைமீராக் கிளையில் வைத்தது. படிக்கிறவர்கள் அதிகம் கவனிக்காமல் கடந்துவிடுவதும் இதைத்தான்.

சுருள் மரமறுக்கும் வட்ட ரம்பம் போலச் சுழன்றதா?

சுழலவில்லை. காணொளிகளில் விர்ரென்று சுற்றுவதுபோல் காட்டுவது வெறும் கற்பனை. வேர்ப்பட்டை குருத்தெலும்பில் பதிந்து நின்றது. வளர்ச்சியின்போது மட்டும், மீனின் வாழ்நாள் முழுக்க மெதுவாக, முன்னோக்கி நகர்ந்தது.

அசைந்தது தாடைதான். வாய் மூடும்போது கீழ்த்தாடை மூட்டைச் சுற்றி மேலே எழும். அதன்மேல் வளைவாக நிற்கும் பற்கள் ஒவ்வொன்றும் மேலேயும் பின்னாலேயும் வில்போன்ற பாதையில் போகும். வாளை வீசும்போது அதன் விளிம்பு போகும் பாதைக்கு ஒப்பானது என்று 2015இல் தாடையின் இயக்கத்தைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் சொன்னார்கள். பல்லின் இரண்டு விளிம்பிலும் ரம்பவெட்டு இருப்பதால் வாய் மூடும்போது மட்டுமல்ல, திறக்கும்போதும் வெட்டு விழும்.

மேல்தாடையில் பல் இல்லாமல் எப்படி வெட்டியது?

அரிவாள்மனையில் கத்தி ஒன்றுதானே, அதுவும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மேலிருந்து அழுத்துகிற கை இருந்தால் காய் நறுங்கிவிடுகிறது. இங்கே அழுத்துவது மேல்தாடை. அது வலம் இடம் என இரு பாதிகளாக இருந்தது. வாய் மூடும்போது இரை அந்த இரண்டு பாதிகளுக்கும் சுருளுக்கும் நடுவே மாட்டும். சதை நெகிழ்ந்து இடைவெளியில் பிதுங்கும், பல் அதைக் கிழிக்கும்.

வாயில் ஒரே நேரத்தில் வெளியே தெரிந்தவை ஏறக்குறைய ஒரு டஜன் பற்கள்தான்; மற்றவை உள்ளே புதைந்திருந்தன. வெளியே இருந்தவற்றுக்கும் வேலை ஒன்றல்ல. முன்பற்கள் கொக்கிபோல் மாட்டி இழுத்தன. நடுப்பற்கள் குத்திக் கிழித்தன. பின்பற்கள் வெட்டியதோடு துண்டைத் தொண்டைப் பக்கம் தள்ளின. ஒருமுறை கடித்து விழுங்குவதைவிட, வாயைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடி இரையை உள்ளே ஏற்றும் முறை இது.

அப்படியானால் என்ன தின்றது?

வயிற்றில் இரை இருந்த படிவம் எதுவும் நம்மிடம் இல்லை, ஆகவே இது தாடை அமைப்பிலிருந்து எடுத்த முடிவு. மெல்லுடல் உள்ள இரை, குறிப்பாகக் கணவாய்க்கு உறவான உயிரினங்களும் மீன்களும். கெட்டி ஓடு உள்ள இரையைக் கடித்தால், சுருளின் வளைவால் அது வாயிலிருந்து முன்பக்கமாக வழுக்கி வெளியேறும். பிடித்து நிறுத்த மேலே பல்லும் இல்லை. தாடைத் தசை வலுவாகவே இருந்திருக்கும். குறை வலுவில் அல்ல, வடிவத்தில். பற்கள் அதிகம் தேயாமல் இருப்பதற்கும் இதுவே விளக்கம்: கடித்தது சதையை என்றால் தேய்மானம் எங்கிருந்து வரும்?

கணவாய்க்கு உறவான, சுருள் ஓடுள்ள அம்மோனாய்டுகளை (அம்மோனைட்டுகளும் இவற்றில் அடக்கம்) ஓட்டிலிருந்து உருவித் தின்றிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. முன்பற்களின் இழுக்கும் வேலையோடு அது பொருந்துகிறது. ஆனால் கடிபட்ட ஓடு சான்றாகக் காட்டப்படும்வரை அதை ஊகம் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு நீளம் இருந்தது?

உடம்பு இல்லாமல் நீளம் சொல்வது விகிதக் கணக்குதான். சுருளின் அளவிலிருந்து தாடை நீளம், தாடையிலிருந்து தலை, தலையிலிருந்து உடம்பு என்று உறவினங்களின் விகிதத்தைக் கொண்டு ஏறிப்போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிழை சேரும். வளர்ந்த மீன்களுக்கு 5 முதல் 8 மீட்டர் வரை பொதுவாகச் சொல்கிறார்கள். 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய சுருளும் கிடைத்திருக்கிறது. அந்த மீன் இந்த வரம்பின் மேல்முனையில் இருந்திருக்கும். “15 மீட்டர்” என்று எழுதுபவர்களிடம் எந்தச் சுருளை வைத்து என்று கேட்டுப் பாருங்கள்.

உடம்பின் வடிவம்?

கேசியோடஸ், ரோமெரோடஸ் ஆகிய சிறிய உறவினங்களின் உடம்புகள் அமெரிக்காவின் கரிய களிப்பாறைகளில் கிடைத்துள்ளன. அவற்றை வைத்தே ஹெலிகோப்ரியனையும் வரைகிறார்கள்: நீள்வட்டமான உடல், முதுகில் ஒரே துடுப்பு, பிறை வடிவில் பிளந்த வால், இடுப்புத் துடுப்பும் மலவாய்த் துடுப்பும் இல்லை. வேகமாக நீந்தும் மீனின் அமைப்பு. ஹெலிகோப்ரியனும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். கல்லில் கண்ட உண்மை இல்லை.

எத்தனை இனங்கள்?

ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் புழங்கின. புதுச் சுருள் கிடைத்தவுடன் புதுப்பெயர் வைத்ததன் விளைவு. 2013இல் பற்களின் வடிவத்தை அளந்து ஒப்பிட்டபோது மூன்றுதான் நின்றன: பெஸ்ஸொனோவி, டேவிசி, எர்காசாமினான். சிக்கல் என்னவென்றால், உள்சுற்றுப் பற்கள் மூன்று இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வளர்ந்த மீனின் வெளிச்சுற்றில்தான் துலங்கும். டேவிசியில் பற்கள் உயரமாக, இடைவெளி விட்டு, முனை முன்பக்கம் சாய்ந்து நிற்கும். பெஸ்ஸொனோவியில் குட்டையாக, நெருக்கமாக, முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும். எர்காசாமினான் மிக அரியது. ஆகவே நடுப்பகுதி மட்டும் இருக்கும் துண்டுக்கு இனப்பெயர் எழுதி ஒட்டியிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. 1907இல் ஆலிவர் ஹே ஐடஹோ படிவங்களுக்குச் சூட்டிய ‘ஃபெரியரி’ என்ற பெயரும் இப்போது டேவிசிக்குள் அடங்கிவிட்டது. உட்வார்டின் ஆஸ்திரேலியத் துண்டுக்கு 1886இலேயே வைத்த பெயர் டேவிசி. முதலில் வைத்த பெயர் வெல்லும் என்பது விதி.

எங்கெல்லாம் கிடைக்கிறது? ஐடஹோவில் மட்டும் ஏன் அவ்வளவு?

ரஷ்யா, கஜகஸ்தான், ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா, கனடா, மெக்சிகோ, நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு, அமெரிக்காவின் பல மாநிலங்கள். பெர்மியனில் கண்டங்கள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே நிலமாக இருந்தன. அதைச் சூழ்ந்த கடலில் இந்த மீன் பரவலாகத் திரிந்திருக்கிறது.

தென்கிழக்கு ஐடஹோவில் இருப்பது ஃபாஸ்ஃபோரியா பாறைத்தொகுதி. ஆழத்திலிருந்து சத்து நிறைந்த நீர் மேலெழுந்து வந்த கடலின் அடியில் படிந்தது. உயிர்ச்சத்து குவிந்து பாஸ்பேட் ஆனது. அடிநீரில் ஆக்சிஜன் குறைவாக இருந்ததால் விழுந்த உடலைத் தின்னவும் கிளறவும் அதிகம் பேர் இல்லை. பற்சுழல்கள் கெட்டியான கல்முடிச்சுகளுக்குள் பூட்டப்பட்டுப் பாதுகாப்பாக இருந்தன. பிறகு உர உற்பத்திக்காக அங்கே பாஸ்பேட் சுரங்கங்கள் வந்தன, சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் கண்ணில் சுருள்கள் பட்டன. உரத்துக்காகத் தோண்டாமல் இருந்திருந்தால் ஐடஹோ 4 இன்னும் மலைக்குள்தான் இருந்திருக்கும்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் தேடினால் கிடைக்குமா?

கிடைக்காது. அங்கே இருப்பவை கிரெட்டேசியஸ் காலப் பாறைகள், ஹெலிகோப்ரியன் அழிந்து பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் படிந்தவை. ஆனால் விசித்திரப் பல்தான் வேண்டும் என்றால் ஏமாற்றம் இல்லை: பெரம்பலூர் மாவட்டம் காரையில் டைகோடஸ் என்ற சுறாவின் பற்கள் கிடைத்திருக்கின்றன. வெட்டும் பல் அல்ல, சிப்பியை நொறுக்கும் வரிவரியான தட்டைப் பல். ஹெலிகோப்ரியனின் உறவினம் ஒன்று நம் துணைக்கண்டத்தில் கிடைத்த இடம் பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடர். அதன் பெயர் ஹெலிகாம்போடஸ்.

சுருளான கல் ஒன்று கையில் இருக்கிறது. அம்மோனைட்டா, பற்சுழலா?

முதலில் விளிம்பைப் பாருங்கள். அம்மோனைட்டின் வெளி விளிம்பு வழவழப்பாகவோ முடிச்சு முடிச்சாகவோ இருக்கும். தனித்தனி முக்கோணங்களாகப் பிரியாது. அடுத்து வெட்டு முகத்தைப் பாருங்கள். அம்மோனைட் உள்ளே குழாய், தடுப்புச் சுவர்களால் அறை அறையாகப் பிரிந்திருக்கும். பற்சுழலில் அறை இல்லை. கெட்டியான வேர்ப்பட்டையும் சுற்றுகளுக்கு நடுவே வெறும் கல்லும்தான். மூன்றாவதாக, கை லென்ஸில் பத்து மடங்கு பெரிதாக்கினால் பல்லின் பளபளப்பான உறையும் விளிம்பின் நுண் வெட்டுகளும் தெரியும். சுருள்வரி மட்டும் தெரிந்து பல்லோ பட்டையோ தெரியவில்லை என்றால் அது ஹெலிகோப்ரியன் இல்லை. தமிழ்நாட்டில் எடுத்த கல் என்றால் பற்சுழலாக இருக்காது. அரியலூர் பற்றி மேலே சொன்ன காரணம்தான்.

இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?

விற்பவை பெரும்பாலும் அச்சு வார்ப்புகள். வார்ப்பு என்று சொல்லி விற்றால் தவறில்லை, பாடம் நடத்த அதுவே போதும். அசல் என்று சொல்லி விற்றால் பின்புறத்தைப் பாருங்கள்: பிசினில் சிறு காற்றுக் குமிழிகள், அச்சு சேரும் கோடு, கல்லின் கனம் இல்லாமை. உடைந்த இடத்தைப் பசையும் தூளும் கலந்து நிரப்பி, இல்லாத பற்களைச் செதுக்கிச் சேர்ப்பதும் உண்டு. எல்லாப் பல்லும் ஒரே அளவில் வரிசை கட்டி நின்றால் அது செதுக்கியது. அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில் முதுகெலும்பிப் படிவங்களை அனுமதி இல்லாமல் எடுப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே எங்கே, யார் நிலத்தில் எடுத்தது என்ற தாள் இல்லாத அசலைத் தொடவே வேண்டாம்.

எடெஸ்டஸ் என்பதும் இதுவும் ஒன்றா?

ஒரே கூட்டம், வேறு பேரினம். 1856இல் ஜோசப் லெய்டி பெயரிட்டது. ஹெலிகோப்ரியனுக்கு முந்திய கார்போனிஃபெரஸ் காலத்தது. மேல்தாடையில் ஒன்றும் கீழ்த்தாடையில் ஒன்றுமாக இரண்டு பல்வரிசைகள், எதிரெதிராக. வரிசை லேசாக வளையும், முழுச் சுருளாகாது. பழைய பற்கள் முன்முனையில் உதிர்ந்துவிட்டன.

வேளா மீனின் வாளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. வேளா திருக்கை இனம். அதன் வாள் மூக்கின் நீட்சி, வாய் அதற்குக் கீழே தனியாக இருக்கிறது. வாளின் ஓரத்தில் நிற்பவை வாய்ப்பற்களே அல்ல, தோல் செதில்கள் மாறிப் பல்போல் ஆனவை.

பள்ளிக் கண்காட்சிக்கு உண்மையான அளவில் பற்சுழல் செய்வது எப்படி?

ஐடஹோ 4இன் 23 சென்டிமீட்டர் அளவு இதற்கு வசதியானது. கீழே உள்ள விகிதங்கள் மாதிரி செய்வதற்காக எளிமையாக்கியவை. படிவத்தில் இவ்வளவு சீராக இருக்காது.

30 சென்டிமீட்டர் சதுரமுள்ள கெட்டி அட்டை அல்லது 5 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் எடுத்து நடுவில் புள்ளி வையுங்கள். பாகைமானியால் 10 பாகைக்கு ஒரு கோடு, மொத்தம் 36 கோடுகள். மீன் இடப்பக்கம் பார்ப்பதாகக் கொள்ளுங்கள். பெரிய பல் வலப்பக்கம் தொடங்கும். சுருள் அங்கிருந்து மேலேறி, இடப்பக்கம் இறங்கி, கீழே போய் உள்ளே நுழைய வேண்டும். கால் சுற்றுக்கு ஒரு முறை மையத்திலிருந்து பல்முனையின் தூரம் சென்டிமீட்டரில் இப்படி: முதல் சுற்றில் வலம் 13.5, மேல் 11.4, இடம் 9.5, கீழ் 8. இரண்டாம் சுற்றில் 6.8, 5.7, 4.8, 4. மூன்றாம் சுற்றில் 3.4, 2.8, 2.4, 2. பிறகு வலத்தில் 1.7, மேலே 1.4, அங்கே முடியும். வலம் 13.5, இடம் 9.5 கூட்டினால் 23 வந்துவிடும். இடைப்பட்ட கோடுகளில் கண்ணளவாக இணைத்தால் போதும்.

கோட்டுக்கு ஒரு பல் என்றால் மூன்றேகால் சுற்றில் 36, 36, 36, 9, மொத்தம் 117. பல்லின் உயரம் அந்த இடத்துத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு; அதற்குக் கீழே அதே அகலத்துக்கு வேர்ப்பட்டை. முதல் பல் 2.7 சென்டிமீட்டர் உயரம், அடி அகலம் 1.9. கடைசிச் சுற்றில் பற்கள் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும், அவற்றை வெட்ட முயலாமல் பேனாவால் வரைந்துவிடுங்கள், கத்தரித்தால் கிழியும்.

களிமண்ணில் செய்தால் பட்டையை முதலில் சுருட்டி அரைநாள் காயவிட்டு, பிறகு பல் பொருத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பல் வைத்தால் கனம் தாங்காமல் வெளிச்சுற்று படுத்துவிடும்.

மாதிரியிலும் படத்திலும் எங்கே தவறு செய்கிறார்கள்?

பெரிய பல்லை மையத்தில் வைப்பது முதல் தவறு. பல்முனையை உள்பக்கம் திருப்புவது இரண்டாவது. பிறகு சுருளை முகவாய்க்கு வெளியே தொங்கவிடுவார்கள். முழுச் சுருளும் கீழ்த்தாடைக்குள் அடங்க வேண்டும், வாய்க்குள் மேல்வளைவு மட்டும் தெரிய வேண்டும். சுருள் மெல்லியது என்பதால் கீழ்த்தாடையும் முன்பக்கம் ஒடுங்கியே இருந்தது. வெள்ளைச் சுறாவின் அகன்ற தாடையை வரைந்து நடுவில் சுருளைச் செருகினால் இரண்டும் ஒட்டாது. மேல்தாடையில் சுறாப்பல் வரைவது இன்னொன்று. சுறா படத்தை எடுத்துத் தலையை மட்டும் மாற்றினால் இரண்டாம் முதுகுத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் கூடவே வந்துவிடும், அவற்றையும் அழியுங்கள்.

எப்படி அழிந்தது? ஆழ்கடலில் இன்னும் இருக்கலாமா?

பெர்மியன் முடிவில் நடந்த பேரழிவில் இது சாகவில்லை; அதற்கு ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் முன்பே படிவங்கள் நின்றுவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே கூட்டத்தைச் சேர்ந்த கேசியோடஸும் ஃபடேனியாவும் பேரழிவைத் தாண்டி, பெர்மியனை அடுத்து வந்த டிரியாசிக் காலத் தொடக்கம் வரை தப்பின. அவற்றின் படிவங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிடைத்திருக்கின்றன.

இன்றும் உயிரோடு இருக்கிறது என்று சுற்றும் காணொளிகள் கணினி வரைகலை. பல் என்பது கடலில் எளிதில் கல்லாகும் பொருள். 27 கோடி ஆண்டுகளாக ஒரு மீன் வாழ்ந்திருந்தால் இடைப்பட்ட காலப் பாறைகளில் அதன் ஒரு பல்லாவது இருக்கும்.

அசல் படிவத்தை எங்கே பார்க்கலாம்?

ஐடஹோ மாநிலம் பொகடெல்லோவில் உள்ள ஐடஹோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது. ஐடஹோ 4 அங்கேதான். கார்பின்ஸ்கியின் சுருள்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள செர்னிஷேவ் புவியியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.